கரன்ட் போனாலும் தண்ணீர் நிற்கக் கூடாது!

மின்சாரம் நாள்கணக்கில், மாதக்கணக்கில் இல்லாமல் போனால் பண்ணையைக் காப்பாற்றுவது எப்படி? கஜா முதல் யாழ்ப்பாணம் வரை கற்றுத்தந்த பாடங்கள்

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பொழுது விடிந்தபோது ஓட்டு வீடுகளும் தென்னந்தோப்புகளும் சாய்ந்து கிடந்தன. கூடவே, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் முறிந்து விழுந்திருந்தன. மரங்களின் இழப்பு அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. மின்கம்பங்கள் விழுந்ததன் பாதிப்பு முழுவதுமாகத் தெரிய சில நாள்கள் ஆயின.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிகள் காலியாயின. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் அதை மேலே ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய் தொட்டிகளை நிரப்பினார்கள். குடிநீர் கேட்டுப் பல ஊர்களில் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். வெளிமாவட்டங்களில் இருந்தும், கேரளா, ஆந்திரா போன்ற மாநிலங்களில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தார்கள். வண்டி போக முடியாத சேற்று வயல்களுக்குள் கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். அப்படியும் வேலை ஒரே நாளில் முடிகிற வேலையாக இல்லை. முதலில் துணைமின் நிலையங்கள், அடுத்து மருத்துவமனைகள், குடிநீர்த் திட்டங்கள், நகரங்கள், பிறகு கிராமத்து வீடுகள் என்று போய், கடைசியில்தான் தோட்டத்து பம்புசெட்டுகளின் முறை வந்தது.

இது யாருடைய தவறும் இல்லை. பெரிய பாதிப்பு நேர்ந்தால் எந்த நாட்டிலும் இந்த வரிசையில்தான் மின்சாரம் திரும்பும். ஆனால், இந்த வரிசையில் விவசாயி எங்கே நிற்கிறார் என்பதை ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவர், அந்த முறை வரும் வரை தாக்குப்பிடிக்கும் வழியைத் தானே வைத்திருக்க வேண்டும். அதில் முதலும் முக்கியமுமானது, மின்சாரம் இல்லாமலும் தண்ணீரை மேலே கொண்டுவரும் ஒரு வழி. அது இருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. அது இல்லாவிட்டால் மற்ற எந்த ஏற்பாடும் பயன்படாது.

ஒரே வலையில் நாடு முழுவதும்

மின்சாரம் நீண்ட நாள் நின்றுபோகப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. 2012 ஜூலை 30-ம் தேதி வட மாநிலங்களின் மின் தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று தொகுப்புகளும் ஒன்றாக விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. அன்றைக்குத் தமிழ்நாடு தப்பியது. காரணம், தென் மாநிலங்களின் மின் தொகுப்பு அப்போது தனியாக இயங்கியது. 2013 டிசம்பர் 31-ம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென் தொகுப்பும் தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டது.

இதில் நன்மையும் உண்டு. பற்றாக்குறை வரும்போது வேறு மாநிலத்து மின்சாரம் நமக்குக் கிடைக்கிறது. ஆனால், ஒரே வலையில் எல்லோரும் இருக்கும்போது ஒரு மூலையில் விழும் அடி மற்ற மூலைகளையும் அசைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. 2012-ல் கம்பிகளும் கம்பங்களும் சேதமாகவில்லை என்பதால் பெரும்பாலான இடங்களுக்கு ஒரு நாளுக்குள் மின்சாரம் திரும்பியது. கம்பங்களே விழுந்த கஜாவில் வாரக்கணக்கில் ஆனது. ஆக, எத்தனை நாள் இருட்டு என்பதைத் தீர்மானிப்பது எவ்வளவு பொருள்கள் உடைந்தன என்பதுதான்.

ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடும்

தமிழ்நாட்டில் 1990-ல் இருந்து எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைக்கிறது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. கவலை, ஏற்றம், இறைகூடை எல்லாம் பார்த்திருந்த தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. ஆனால், கூடவே கிணற்றின் ஆழமும் இறங்கிக்கொண்டே போனது. 30 அடியில் இருந்த தண்ணீர் 300 அடிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லும்.

10,000 லிட்டர் தண்ணீரை 30 அடியில் இருந்து மேலே கொண்டுவர, மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்துச் சுமார் அரை யூனிட் மின்சாரம் போதும். அதே தண்ணீரை 300 அடியில் இருந்து எடுக்க 5 யூனிட்டுக்கும் மேல் வேண்டும். மனித உழைப்பில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். 30 அடிக் கிணற்றில் இருந்து 10,000 லிட்டரை இறைக்க, ஆள் மாற்றி ஆள் நின்றால் ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 300 அடியில் இருந்து எடுக்க 55 மணி நேர உழைப்பு தேவைப்படும். அதற்கு ஏற்ற கைக்கருவியும் கிடையாது. அதாவது, மின்சாரம் இல்லாத நாளில் திறந்தவெளிக் கிணறு கஷ்டம் கொடுக்கும். ஆழமான போர்வெல் கையை விரித்துவிடும்.

இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றத் தேவையான தண்ணீர் மிகக் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் ஆளுக்கு 40 லிட்டர் என்றால் 200 லிட்டர். நான்கு கறவை மாடுகளுக்குக் குடிக்க, மாட்டுக்கு 70 லிட்டர் வீதம் 280 லிட்டர். பத்து ஆடுகளுக்கு 60 லிட்டர். பாத்திரம் கழுவ, கோழிகளுக்கு என்று சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 600 லிட்டரில் பண்ணை உயிரோடு இருக்கும்.

இந்த 600 லிட்டரை எடுக்க ஊர்ப் பொதுவில் இருக்கும் அடிபம்பே போதும். 1970-களில் உருவாக்கப்பட்டு, கோயம்புத்தூர் மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்ட ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு, நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் தரும். 600 லிட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுமார் 150 அடி ஆழம் வரை அது வேலை செய்யும். ஆனால், பல ஊர்களில் அடிபம்புகளைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயிலேயே மோட்டாரை இறக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவை துருப்பிடித்து நிற்கின்றன. வாஷர் மாற்றி, சங்கிலிக்கு கிரீஸ் போட்டு ஓர் அடிபம்பைச் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு நாள் ஜெனரேட்டர் வாடகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட இதைவிட நல்ல விஷயம் இல்லை.

வாரக்கணக்கில் நின்றால்… முதல் 10 நாள்கள்

புயல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லாத் தொட்டிகளையும் நிரப்பிவிட வேண்டும். 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, மாட்டுத் தொட்டி, அண்டா, டிரம் என்று எதில் முடியுமோ அதில் எல்லாம் தண்ணீர் பிடித்து, மூடி வைக்க வேண்டும். புயல் முடிந்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது அறுந்து கிடக்கும் கம்பிகளை. தண்ணீர் தேங்கிய வயலில் கம்பி கிடந்தால், கரன்ட் இல்லை என்று நம்பி யாரும் கால் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் இருந்துகூட அந்தக் கம்பிக்கு மின்சாரம் வந்திருக்கலாம்.

தண்ணீர்: திறந்தவெளிக் கிணற்றில் இலை தழைகள் விழுந்திருந்தால் அவற்றை அகற்றிவிட்டு, 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் தரமான பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது இன்னும் பாதுகாப்பு.

ஆயில் இன்ஜின்: டெல்டாவில் வாய்க்கால், குளம், ஆழம் குறைந்த கிணறு உள்ளவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால், தரையில் வைத்து உறிஞ்சும் எந்தப் பம்பும் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுக்காது. அதைவிட ஆழம் என்றால் கிணற்றுக்குள் மேடை அமைத்து இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் இன்ஜின் புகை கிணற்றுக்குள் தேங்கி ஆளைக் கொல்லும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

ஜெனரேட்டர்: 5 ஹெச்.பி மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் அதற்கு 10 முதல் 15 கே.வி.ஏ ஜெனரேட்டர் தேவைப்படும். மணிக்கு இரண்டு லிட்டர் அளவுக்கு டீசல் குடிக்கும். கடையில் கிடைக்கும் 3 கே.வி.ஏ ஜெனரேட்டரை வாங்கிவந்து 5 ஹெச்.பி மோட்டாரில் மாட்டினால் இரண்டுமே கெட்டுப்போகும். வீட்டுத் தேவைக்கென்று தனியாக ஒரு ஹெச்.பி சிங்கிள் பேஸ் மோட்டார் வைத்திருப்பவர்கள் சின்ன ஜெனரேட்டரிலேயே சமாளித்துவிடலாம். எரிபொருள் கிடைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் டீசலை மேலே ஏற்றுவதும் மின்சாரம்தான். ஏ.டி.எம்-மும் வேலை செய்யாது. கையில் கொஞ்சம் ரொக்கம் இருப்பது நல்லது.

பால்: கறந்த பால் குளிரூட்டாமல் நான்கைந்து மணி நேரம்தான் தாங்கும். சொசைட்டியில் எடுக்காத நாள்களில் உறை ஊற்றித் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கிவிட வேண்டும். நெய் மாதக்கணக்கில் கெடாது. கறவை இயந்திரம் வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது கையால் கறந்து பழக்க வேண்டும். கறக்காமல் விட்டால் மடிநோய் வந்து மாட்டையே இழக்க நேரிடும்.

இறால், மீன்: காற்றூட்டிகள் நின்ற குளத்தில் விடியற்காலைக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகவும் குறையும். ஒரே இரவில் மொத்தக் குளமும் போய்விடும். கரன்ட் போன உடனே தீவனத்தை நிறுத்த வேண்டும். டீசல் பம்பு இருந்தால் தண்ணீரை உயரத்தில் இருந்து பீய்ச்சி விழச் செய்யலாம். இறால் குளத்துக்கு மட்டும் ஜெனரேட்டர் என்பது ஆடம்பரம் இல்லை, முதலீட்டின் ஒரு பகுதி.

கால்நடை மருந்து: தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். குளிர் விட்டுப்போன மருந்தை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துவதில் பலன் இல்லை.

மாதக்கணக்கில் நின்றால்… போர்ட்டோ ரிக்கோ சொல்லும் பாடம்

வாரங்கள் மாதங்களானால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு, அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவு ஓர் உதாரணம். காபி, வாழை, கால்நடை என்று நம் மலைப்பகுதிகளைப் போன்ற விவசாயம் உள்ள ஊர். 2017 செப்டம்பர் 20-ம் தேதி மரியா சூறாவளி தாக்கியபோது தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. மலையில் இருந்த ஊர்கள்தான் அதிக நாள் காத்திருந்தன.

பணக்கார நாட்டின் ஆட்சியில் இருந்தும் அந்த நிலை. காபிச் செடிகளில் பெரும்பகுதி அழிந்தது. பால் பண்ணைகளில் மாடு இருந்தது, பாலும் இருந்தது. ஆனால், பதப்படுத்தும் ஆலைகளும் கடைகளின் குளிர்பெட்டிகளும் இயங்காததால் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். பண்ணையில் மட்டும் மின்சாரத்துக்கு மாற்று இருந்தால் போதாது, விளைபொருள் போகும் பாதையிலும் இருக்க வேண்டும் என்பது அந்தப் பால் சொன்ன பாடம்.

அதே தீவின் நடு மலையில் இருக்கும் அட்ஹுண்டாஸ் என்ற சிற்றூரில் மட்டும் ஒரு கட்டடத்தில் விளக்கு எரிந்தது. ‘காசா புவெப்லோ’ என்ற மக்கள் அமைப்பின் கட்டடம் அது. 1999-லேயே அங்கு சோலார் அமைத்திருந்தார்கள். சூறாவளிக்குப் பிறகு ஊர் மக்கள் கைபேசிக்கு சார்ஜ் போடவும், சுவாசக் கருவிகளை இயக்கவும், மருந்துகளைக் குளிரில் வைக்கவும் அங்கேதான் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சோலார் வைக்க முடியாமல் போகலாம். ஊருக்கு ஓர் இடத்தில் இருந்தாலே ஊர் பிழைக்கும். நம் ஊர்களில் பால் சொசைட்டி, ஊராட்சி அலுவலகம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கிடங்கு என்று அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆண்டுக்கணக்கில் நின்றால்… யாழ்ப்பாணத்துக் கிணறுகள்

மாதங்களும் ஆண்டுகளாக நீண்ட கதை, கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. 1990-ல் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கில் இருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. தேசிய மின் தொகுப்போடு அந்தப் பகுதி மறுபடி இணைந்தது 2009-ல் போர் முடிந்த பிறகுதான். கூடவே எரிபொருள், உரம், பேட்டரி போன்ற பொருள்களுக்கும் தடை இருந்தது. வற்றாத ஆறு என்று ஒன்று இல்லாத, முழுக்க முழுக்கக் கிணற்றை நம்பி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் மண் அது.

அங்கே விவசாயம் பிழைத்ததற்கு முதல் காரணம், நிலத்தடி நீர் கைக்கு எட்டும் ஆழத்தில் இருந்தது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கி நிற்கும் நீர் அது. தோட்டத்துக்குத் தோட்டம் திறந்தவெளிக் கிணறு. பம்புகள் வந்த பிறகு ஓரம் கட்டப்பட்டிருந்த துலா மறுபடி வேலைக்கு வந்தது. நம் ஊர் ஏற்றம்தான் அங்கே துலா. பம்பு வைத்திருந்தவர்கள் துளிப் பெட்ரோல் விட்டு இன்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது அதையும் அளந்துதான் செலவழித்தார்கள்.

வீட்டு விளக்குக்கும் அதே சிக்கனம். சின்ன ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, பஞ்சு ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரிய விட்டார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இவை யாரும் ஆசைப்பட்டுச் செய்தவை அல்ல. துன்பத்தில் பிறந்த வழிகள். அவற்றைப் புகழ்ந்து பேசி அந்தத் துன்பத்தை மறந்துவிடக் கூடாது. ஆனால், அந்த வழிகளுக்கெல்லாம் அடிப்படையாக, எட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது என்பதை ஒவ்வொரு விவசாயியும் குறித்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணம் இன்னொரு பாடத்தையும் தந்தது. பின்னாளில் சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு நடந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட்டது. அத்தனை ஆண்டுப் போரிலும் காப்பாற்றிய கிணறு, எண்ணெய்க் கசிவில் கெட்டது. அதனால், பண்ணையில் டீசல் டிரம்மையோ ஜெனரேட்டரையோ கிணற்று மேட்டில் வைக்கவே கூடாது. கிணற்றில் இருந்து தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கத்தில், சிமென்ட் தளத்தில் வைக்க வேண்டும்.

மீள்வது என்பது கம்பம் நடுவதோடு முடிவதில்லை

மின்சாரம் வந்த அன்று அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டதால் எரிந்துபோகும் மோட்டார்கள் உண்டு. மழையில் நனைந்த ஸ்டார்ட்டர் பெட்டியை முழுதாகக் காயவிட வேண்டும். தரைமட்ட மோட்டார் நீரில் மூழ்கியிருந்தால், எலெக்ட்ரீஷியனை அழைத்து மெக்கர் கருவியால் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்காமல் மோட்டாரைப் போடக் கூடாது. இரண்டு பேஸில் ஓடும் மோட்டார் சூடாகி எரிந்துவிடும். சிங்கிள் பேஸிங் தடுப்புக் கருவி இருந்தால் தானாக நிறுத்திவிடும்.

இழப்பைப் பதிவு செய்வதிலும் தாமதம் கூடாது. விழுந்த மரம், சாய்ந்த பயிர், சேதமான மோட்டார் எல்லாவற்றையும் அகற்றும் முன் படம் எடுத்து வைக்க வேண்டும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், குறிப்பிட்ட வயல்களை மட்டும் பாதிக்கும் வெள்ளம், ஆலங்கட்டி மழை போன்றவற்றின் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கைபேசி கோபுரம் இயங்காத நாளில் வேளாண்மை அலுவலகத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பம்புசெட் ஓடாத பருவத்தில் எதைப் பயிரிடுவது? இதற்கு டெல்டா விவசாயிகளிடம் பழைய பதில் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையோ பயறையோ விதைத்துவிடுவார்கள். மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தேவையில்லை. தென்னை விழுந்த நிலங்களில் மழை ஈரத்தை நம்பி எள், உளுந்து என்று போட்டு, புதிய கன்றுகளுக்கு மட்டும் குடத்தில் உயிர்த்தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றலாம். விழுந்த தென்னையின் மட்டைகளையும் நாரையும் கன்றின் மூட்டில் மூடாக்காகப் போட்டால் தண்ணீர் தேவை பெருமளவு குறையும்.

கஜாவுக்குப் பிந்தைய ஆண்டில் நடந்த இன்னொரு வேலைதான் எல்லாவற்றிலும் பெரியது. பேராவூரணிப் பெரிய குளத்தை 2019-ல் இளைஞர்களும் விவசாயிகளும் பணம் திரட்டித் தூர் வாரினார்கள். தென்னையை இழந்து கடனில் இருந்த பகுதி அது. குளத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். குளம் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். 300 அடியில் இருந்த தண்ணீர் 200 அடிக்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சம். திறந்தவெளிக் கிணற்றில் நீர் நின்றால் கரன்ட் இல்லாத நாளிலும் வாளி போட்டு எடுக்கலாம். குளத்தைத் தூர் வாருவது, ஊருக்கே பேட்டரி வாங்கி வைப்பதற்குச் சமம்.

கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. கரன்ட் போனால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: அது மின்வாரியத்தின் லைனோடு இணைக்கப்பட்ட வகை. லைனில் மின்சாரம் இல்லாதபோது அந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. இல்லாவிட்டால் பழுது பார்க்கும் ஊழியர்களுக்கு ஷாக் அடிக்கும். பேட்டரியும், லைனைத் துண்டித்துக்கொண்டு தனியாக இயங்கும் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் கரன்ட் இல்லாதபோதும் வேலை செய்யும். மின் இணைப்பு இல்லாத தனி சோலார் பம்புசெட்டுக்கு இந்தப் பிரச்னை இல்லை. வெயில் இருந்தால் தண்ணீர் வரும். வாங்கும்போதே ‘கரன்ட் இல்லாத நாளில் இது ஓடுமா?’ என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சோலார் பம்புசெட்டுக்கான மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கேள்வி: புதுக் கம்பம் நட்டு லைன் கொடுத்த பிறகு மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் பாதிதான் வருகிறது. போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டதா?

பதில்: முதலில் பேஸ் வரிசையைச் சோதிக்க வேண்டும். கம்பிகளைப் புதிதாக இணைக்கும்போது வரிசை மாறிவிட்டால், மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஓடுவதுபோலவே சத்தம் வரும். தண்ணீர் மட்டும் குறைவாக வரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியன் மூலம் இரண்டு பேஸ் ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதற்காக மோட்டாரை மேலே தூக்கிச் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: வாடகை ஜெனரேட்டரை வீட்டு ஸ்விட்ச் போர்டில் செருகிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த மின்சாரம் வெளி லைனுக்கும் போய், டிரான்ஸ்ஃபார்மரில் பல மடங்கு உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைக் கொன்றுவிடும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்திய பிறகே ஜெனரேட்டரை இணைக்க வேண்டும். மூடிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டினால், வாசனையே இல்லாத விஷவாயு சேர்ந்து தூக்கத்திலேயே உயிர் போகும். வெளியில், ஜன்னலில் இருந்து தள்ளி வைக்க வேண்டும்.

ஐப்பசிக்கு முன் ஒரு நாள் ஒத்திகை

புயல் காலம் தொடங்கும் முன், புரட்டாசியில் ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலை ஆறு மணிக்குப் பண்ணையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மறுநாள் காலை ஆறு மணி வரை போடக் கூடாது. (இறால் குளமும் கோழிக்குஞ்சுகளும் இருந்தால் அவற்றை மட்டும் இதில் இருந்து விலக்கிவிடலாம்.) அந்த ஒரு நாளில் மாட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, பால் என்ன ஆனது, ஆயில் இன்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பியதா, டார்ச் எங்கே இருந்தது, அடிபம்பில் தண்ணீர் வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எது இல்லாமல் போனதோ அதுதான் அந்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை. ஒருவருக்கு அது 300 ரூபாய் வாஷராக இருக்கலாம். இன்னொருவருக்குக் கிணற்றுச் சகடையும் கயிறுமாக இருக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் பொதுவில் ஒரு ஜெனரேட்டராக இருக்கலாம். ஓர் ஊரே சேர்ந்தால் குளமாக இருக்கலாம். கரன்ட் என்றைக்கு வரும் என்பது விவசாயியின் கையில் இல்லை. அது வரும் வரை மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்குமா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.